ஐஸ் பெட்டிக்கு ஐந்து நட்சத்திரம்

போனை எடுத்து மேசைமேல் வையுங்கள். குப்புற. பதிவு ஓடுகிறதா என்று நான் கேட்கவில்லை. ஓடினாலும் ஓடாவிட்டாலும் மேசைமேல் இருக்கட்டும்.

இனி உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில்.

கையெழுத்துக்குத்தானே வந்தீர்கள்? நான் கேட்ட தவணை சித்திரை முடியும் வரைக்கும். இன்னும் நாலு நாள் இருக்கிறது. நாலு நாள் முன்னாலேயே மதுரையிலிருந்து கார் போட்டு வந்து நிற்கிறீர்கள். மேனேஜரே நேரில். அது ஒன்று போதும் எனக்குச் சந்தேகப்பட. சரி, உங்கள் காகிதம் உள்ளேதான் பத்திரமாக இருக்கிறது. அதற்கு முன்னால் சிலது சொல்லவேண்டும். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. இந்தச் சுரண்டையில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், ஐஸ் பெட்டி சொரிமுத்து சேர்ந்தாற்போல் பத்து வார்த்தை பேசினானா என்று. இன்றைக்குப் பேசுகிறேன். குறுக்கே வராதீர்கள்.

பதினாலு வருஷமாக மூன்று பெட்டி, ஒரு வண்டி, ஒரு டிரைவர். டிரைவர் பெயர் உச்சிமாகாளி. ஊரில் ஒரு சாவு விழுந்தால் என் போன் அடிக்கும். பூக்கடைக்காரனுக்கு என் நம்பர் தெரியும். பந்தல் போடுகிறவனுக்குத் தெரியும். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவனுக்குத் தெரியும். அவ்வளவுதான் விளம்பரம். வேறு என்ன செய்வது? ஜவுளிக்கடைக்காரன் வாசலில் நின்று வாங்க வாங்க என்பான். நான் சொல்ல முடியுமா? முதல் வருஷம் ஒரு காலண்டர் அடித்தேன். இருநூறு. கையை நீட்டினால் ஆட்கள் பின்னால் நகர்ந்தார்கள். என் பெயர் போட்ட காலண்டரை மாட்டி தினம் ஒரு தாள் கிழிக்க எவனுக்கு மனசு வரும்? அத்தனை தாளையும் என் வீட்டுக்காரி ஆவுடைதான் அப்பளம் பொதிந்து கொடுத்துத் தீர்த்தாள். அச்சு உள்பக்கம் போகிற மாதிரி மடித்து.

பெட்டியை இறக்கும்போது பேசமாட்டேன். வயரைச் சொருகுவேன், கண்ணாடியைத் துடைப்பேன், கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். திரும்ப எடுக்கும்போது 'வாரேன்' என்று சொல்லக்கூடாது. சாவு வீட்டில் யாருமே சொல்லக்கூடாது. நான் சொன்னால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுவேன். இதுதான் நான் தொழில் செய்த முறை.

போன ஆவணியில் உங்கள் கம்பெனி வந்தது. வெள்ளை வண்டி, பக்கத்தில் தாமரைப் படம். போனில் ஐஸ் பெட்டி என்று தட்டினால் முதலில் நீங்கள். காசு கட்டி முதலில் வருவீர்களாம். சென்னையில் உட்கார்ந்து ஒரு பெண் பேசும். பெட்டி, பந்தல், பூ, வண்டி எல்லாம் ஒரே சீட்டில். நான் முதலில் சிரித்தேன். நம்ம ஊர்ச் சாவுக்குச் சென்னையில் எவன் போன் போடுவான் என்று. போட்டார்கள். ஏன் என்று அப்புறம்தான் தெரிந்தது. சாகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். பெட்டிக்குச் சொல்கிற பிள்ளைகள் பெங்களூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பூக்கடைக்காரனைத் தெரியாது. கையிலிருக்கிற போனைத்தான் தெரியும்.

உங்களுடைய வேலை லட்சணமும் பார்த்தேன். கார்த்திகையில் உங்கள் பெட்டி போன ஒரு வீட்டுக்கு மறுநாளே குறுஞ்செய்தி. 'உங்கள் அடுத்த முன்பதிவுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி.' அடுத்த முன்பதிவு. அந்த வீட்டில் மிச்சம் இருந்தது ஒரு கிழவர்தான். எனக்குச் சலுகை வந்திருக்குடே என்று தெருவெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தார். சிரித்துக்கொண்டேதான் காட்டினார். தலையை ஆட்டாதீர்கள். உங்கள் மெஷின் தானாக அனுப்பியது என்பீர்கள். இருக்கட்டும்.

மாசத்துக்குப் பதினைந்து பதினாறு வீடு போய்க்கொண்டிருந்த பெட்டி, மார்கழியில் மூன்று வீடுதான் போனது. உச்சிமாகாளி வண்டிக்குள் படுத்துத் தூங்கினான். தை பிறந்ததும் நீங்கள் வந்தீர்கள். பெட்டிகளை உங்கள் பெயருக்குக் கொடுத்துவிட்டு, போர்டைக் கழற்றிவிட்டு, தாமரைப் படம் போட்டு நானே ஓட்டலாம் என்றீர்கள். மாசம் இவ்வளவு என்றீர்கள். சித்திரை கழியட்டும் என்றேன். அந்த மூன்று மாதத்தில்தான் இந்த வினை.

அதே தையில் ஆவுடை ஒருநாள் மகளிர் குழுவோடு யூனியன் ஆபீசுக்குப் போனாள். இணையத்தில் சின்னக் கடைக்காரர்கள் செலவில்லாமல் வியாபாரம் செய்வது எப்படி என்று பயிற்சியாம். மத்தியானச் சாப்பாடு அவர்களே போட்டார்களாம். இவள் குழுவில் அப்பளம் போடுகிறாள். வந்தும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தாள். நூறு அப்பளம் விற்க இணையம் எதற்கு என்றேன். பக்கத்தைத் திருப்பினாள். அவளிடம் மகள் வாங்கிக் கொடுத்த பெரிய போன் ஒன்று உண்டு. சீரியல் பார்ப்பாள். எனக்குப் பட்டன் போன்தான்.

மாசியில் ஒரு காலை, பெங்களூரிலிருந்து ஒருவன் கூப்பிட்டான். சேர்ந்தமரத்தில் அம்மா தவறிவிட்டாள், பெட்டி வேண்டும் என்றான். பூக்கடைக்காரன் சொன்னானா என்று கேட்டேன். இல்லை, மேப்பில் பார்த்தேன், எல்லோரும் நல்லபடி எழுதியிருக்கிறார்கள் என்றான். பெட்டியை அனுப்பினேன். ஆனால் மனசு சரியில்லை. என்னை மேப்பில் ஏற்றியது யார்? நான் ஏறச் சொல்லவில்லையே?

பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிற நாகூர்மீரானிடம் போனேன். காட்டு என்றேன். காட்டினான். என் கடை போட்டோ, பெட்டி போட்டோ. என் போர்டு. என் நம்பர். எல்லா நாளும் எல்லா நேரமும் திறந்திருக்கும் என்று போட்டிருந்தது. கீழே ஆட்கள் எழுதியது, பதினொன்று. ஒவ்வொன்றுக்கும் ஐந்து நட்சத்திரம். மீரான் படித்துக் காட்டினான்.

'பெட்டிக் கண்ணாடியில் ஒரு விரல் தடம்கூட இல்லை.'

'அண்ணாச்சி எதுவும் பேசவில்லை. அதுவே பெரிய உதவியாக இருந்தது.'

'கரண்ட் போனபோது சொல்லாமலே ஜெனரேட்டர் கொண்டு வந்தார்.'

எனக்கு வியர்த்துவிட்டது. பதினாலு வருஷத்தில் ஒருவன் என்னைப் பாராட்டியதில்லை. இப்போது பதினொரு பேர், அதுவும் எழுத்தில், அதுவும் சும்மா. எவனாவது சும்மா பாராட்டுவானா? ஒவ்வொன்றுக்கும் கீழே கடையிலிருந்து பதில் வேறு. 'ஐயாவை நாங்களும் நினைத்துக்கொள்கிறோம். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.' நான் எப்போது நினைத்தேன்? நான் எப்போது சாப்பிடச் சொன்னேன்?

மீரான் சிரித்தான். "யாரோ உங்களுக்கு வேண்டியவங்கதான் பண்ணியிருக்காங்க அண்ணாச்சி" என்றான். எனக்கு வேண்டியவன் இந்த ஊரில் யார் இருக்கிறான்? அவனையே சந்தேகப்பட்டேன். அப்புறம் உச்சிமாகாளியை. பெட்டி போட்டோ என் குடோனுக்குள் எடுத்தது. குடோன் சாவி மூன்று. ஒன்று என்னிடம், ஒன்று அவனிடம், ஒன்று வீட்டு ஆணியில். உச்சிமாகாளியைக் கேட்டேன். அவன் போனில் காமிராவே உடைந்திருந்தது, காட்டினான். வீட்டில் ஆவுடை மட்டும்தான். அவளுக்கு என்ன தெரியும்?

ஆக, உங்கள் கம்பெனிதான் என்று முடிவு கட்டினேன். முகத்தைச் சுளிக்காதீர்கள், நீங்களாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். முதலில் ஆளைத் தூக்கிப் பேசுவது. வேலை குவியவைப்பது. மூன்று பெட்டியை வைத்துக்கொண்டு இவன் திணறட்டும், ஒரு வீட்டுக்குத் தாமதமாகப் போகட்டும், அப்போது இவன் பெயரை நாறடிக்கலாம் என்று திட்டம். மேனேஜர் மூளை இப்படித்தான் வேலை செய்யும். விடக்கூடாது என்று எழுதினவர்கள் பெயரையெல்லாம் ஒரு பில்லின் பின்பக்கம் குறித்துக்கொண்டேன். வேலை நோட்டில் பார்த்து ஊரைக் கண்டுபிடித்தேன். நேரில் போய் விசாரிப்பது என்று கிளம்பினேன்.

முதலில் சேர்ந்தமரம். சவரிமுத்து வாத்தியார் வீடு. அவர் சம்சாரம் ஞானப்பூ ஐப்பசியில் தவறியது. வாத்தியார் கதவைத் திறந்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்கார்ந்தேன். பேசவில்லை. விசாரணையில் அது என் வழி. நாம் வாயை மூடிக்கொண்டிருந்தால் எதிரே இருப்பவன் தானாக உளறுவான்.

உளறினார். ஆனால் வேறு என்னவோ உளறினார். பரீட்சைத் தாள் திருத்தினால் மார்க்கைக் கூட்டிப் போடுவது அந்த அம்மாதானாம். முப்பத்தாறு வருஷமும். இவருக்குக் கூட்டல் வராதாம். கணக்கு வாத்தியார் சார் அவர். வெளியே தெரிந்தால் வேலைக்கே அவமானம் என்று இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு கூட்டுவார்களாம். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்றார். சொல்லிவிட்டு அழுதார். நான் கேட்க வந்ததை நடுவில் கேட்டேன், யார் எழுதச் சொன்னது என்று. எழுதணும் போல இருந்தது என்றார். மழுப்புகிறார் என்று தெரிந்தது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்தும் ஒரு துப்பும் கிடைக்கவில்லை. எழுந்து, 'வாரேன்' சொல்லாமல் நடந்துவிட்டேன்.

இப்படி ஐந்தாறு வீடு. எல்லா இடத்திலும் இதே கதை. நாற்காலி போடுவார்கள், காப்பி கொடுப்பார்கள், போனவர்களைப் பற்றியே பேசுவார்கள். நான் விசாரிக்க வந்திருக்கிறேன் என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை.

ஆய்க்குடியில்தான் துப்பு கிடைத்தது. சொர்ணம் என்று ஒரு பிள்ளை. பிள்ளை என்றால், நாற்பது வயசு இருக்கும். ஒரே மகன். இருபத்தோரு வயசு. பைக்கில் போய்விட்டான். கார்த்திகையில். அன்றைக்குப் பெட்டி கொண்டுபோனது நானேதான். நான் போய் உட்கார்ந்ததும் அவள் அழவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் கேட்டாள்.

"அண்ணாச்சி, உங்ககிட்டதான் கேக்கணும்னு இருந்தேன். அவனுக்குக் குளிரு ஆகவே ஆகாது. மார்கழியில ரெண்டு போர்வை கேப்பான். அந்தப் பெட்டிக்குள்ள ரொம்பக் குளுந்திருக்குமோ?"

நான் போனது வேறு வேலைக்கு.

"இல்ல தாயி" என்றேன். "குளிரக் கொஞ்சம் கொறச்சுத்தான் வச்சிருந்தேன். சின்னப் பையன்னு பாத்ததும் கொறச்சுட்டேன்."

பொய் சார். குளிரைக் குறைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு வைக்கிற அளவுதான் அவனுக்கும் வைத்தேன். விசாரணைக்குப் போன இடத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நாலு மாசமாக அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு தூங்காமல் இருந்திருக்கிறாள்.

அப்புறம் தானாகவே சொன்னாள். தை மாசத்திலிருந்து கடை சார்பில் ஒரு அம்மா போன் பண்ணுகிறாளாம். செவ்வாய், வெள்ளி என்றால் துக்கம் பேசக்கூடாது என்று விட்டுவிடுவாளாம். எழுது என்று முதலிலேயே கேட்கவில்லையாம். சாப்பிட்டாயா என்றுதான் கேட்பாளாம். நாலைந்து தடவை பேசின பிறகு, முடிந்தால் ரெண்டு வரி எழுது தாயி, எங்க கடையும் பெரிய கம்பெனிக்காரங்க முன்னால நிக்கணும்லா என்றாளாம்.

எப்படிப் பேசினாள் என்று கேட்டேன். நம்ம ஊர்ப் பேச்சுதான் என்றாள். பெயர் கேட்டாயா என்றேன். கேட்கவில்லை என்றாள்.

எனக்குப் பொறி தட்டியது. உங்கள் கம்பெனி ஒரு பெண்ணை வேலைக்கு வைத்திருக்கிறது. திருநெல்வேலிப் பேச்சுப் பழக்கி, நாள் கிழமை எல்லாம் சொல்லிக் கொடுத்து. எப்பேர்ப்பட்ட பயிற்சி என்று பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து ஆவுடையிடம்கூடச் சொன்னேன். நம்ம பெயரில் ஒருத்தி போன் பண்ணுகிறாள், பலே கைகாரியாக இருப்பாள் என்று. ஆவுடை ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். "நல்லவளாத்தான் இருப்பா" என்றாள். பெண்களுக்கு எல்லாரும் நல்லவர்கள்தான்.

பங்குனியில் நிலைமை முற்றியது. மறுபடி மீரானிடம் போய்ப் பார்த்தால் இருபத்தெட்டு பேர் எழுதியிருக்கிறார்கள். சவரிமுத்து வாத்தியார் இரண்டாம் தடவை எழுதியிருக்கிறார். 'பெட்டியை எடுத்துப் போனதோடு முடிந்தது என்று நினைத்தோம். மாதங்கள் கழித்து வீடு தேடி வந்து துக்கம் கேட்டார். சொந்தக்காரர்களே கேட்காத துக்கம்.' இன்னொருவன், 'எங்கள் வீட்டில் ஒன்றரை மணி நேரம் பொறுமையாக இருந்தார்.' அப்பட்டமான பொய். நான் எங்கே துக்கம் கேட்டேன்? ஒரு வார்த்தை ஆறுதல் சொன்னேனா? நாற்காலியில் உட்கார்ந்து அவர்கள் வாயைப் பிடுங்கப் பார்த்தேன், அவ்வளவுதான். இதைத் திரித்து எழுதுகிறார்கள் என்றால் பின்னால் பெரிய கை இருக்கிறது. போன் வேறு ஓயாமல் அடித்தது. ஒரே நாளில் மூன்று பெட்டியும் வெளியே. பொறி இறுகுகிறது என்று தெரிந்துவிட்டது.

மீரானிடம் இதை ஒழி என்றேன். முடியாது, போட்டவங்கதான் எடுக்க முடியும் என்றான். வேறு வழி இல்லையா என்றேன். தலையைச் சொறிந்தான். இந்தக் கடை மூடிவிட்டது என்று நாலைந்து பேர் போனிலிருந்து தகவல் கொடுத்தால், அவர்களே மூடியதாகப் போட்டுவிடுவார்கள் என்றான். "ஆனா அண்ணாச்சி, இது உங்களுக்கு நீங்களே வைக்கிற ஆப்பு" என்றான். வை என்றேன். அவன் போன், பக்கத்துக் கடை டெய்லர் போன், ரீசார்ஜ் பண்ண வந்து நின்ற மூன்று பேர் போன். நான் கூடவே நின்று ஒவ்வொருவரையும் அழுத்தவைத்தேன். மூன்றாம் நாள் மீரான் காட்டினான். என் போர்டுக்குக் கீழே சிவப்பில். நிரந்தரமாக மூடப்பட்டது.

அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

போன் நின்றது. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். பார்த்தாயா, மாட்டிக்கொண்டதும் வாலைச் சுருட்டிவிட்டார்கள் என்று உச்சிமாகாளியிடம் சொன்னேன். அவன் வண்டிக்குள் போய்ப் படுத்துக்கொண்டான். அந்த வாரம் சுற்று வட்டாரத்தில் நாலு சாவு. நாலுக்கும் தாமரை வண்டிதான் போனது. என் கடை வாசல் வழியாகத்தான் போனது. வீட்டில் ஆவுடையும் பேசவில்லை. சோறு போடுவாள், குழம்பு ஊற்றுவாள், உள்ளே போய்விடுவாள். குழுவில் ஏதோ சண்டை என்று நினைத்தேன்.

ஒன்பதாம் நாள் மத்தியானம். கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருக்கப் பிடிக்காமல் முன்னதாகவே வீட்டுக்குப் போனேன். வாசல் கதவு சும்மா சாத்தியிருந்தது. அடுப்படியில் அவள் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். போனில்.

"சாப்பிட்டியா சொர்ணம்... இல்ல தாயி, நாங்க மூடல. எவனோ பாவி மூடிட்டான்னு போட்டுட்டான். யாருக்கு நம்ம மேல இவ்வளவு ஆத்திரம்னு தெரியல. அவுககிட்ட எப்படிச் சொல்லுவேன்? அவுக பாட்டுக்கு ஒவ்வொரு வீடா துக்கம் கேட்டுட்டு வாராக. அதப் பாத்துத்தான இன்னும் நெறைய பேரு எழுதுனாக."

நடைவாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன். அவள் திரும்பினாள். பார்த்தாள்.

"நான்தான் மூடினேன்" என்றேன்.

அவள் போனைத் திண்டில் வைத்தாள். "நீங்களா?"

"சந்தேகமா இருந்துச்சு."

"எம்மேலயா?"

"உம்மேல இல்ல. உனக்கு இதெல்லாம் தெரியாதுன்னு நெனச்சேன்."

கரண்டியை எடுத்துக் கழுவினாள். கழுவின கரண்டியையே மறுபடி கழுவினாள்.

"சந்தேகப்பட்டிருந்தாக்கூடத் தேவல" என்றாள்.

அதற்கப்புறம் இரண்டு நாள் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. மூன்றாம் நாள் நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள். பயிற்சியில் எழுதின நோட்டு. 'பெரியவங்களோட காசுல மோத முடியாது. அவங்களால செய்ய முடியாத ஒண்ண நாம செய்யணும்' என்று முதல் பக்கத்தில் எழுதியிருந்தாள். யாரோ வாத்தியார் சொன்னதாம். எனக்குப் பிடிக்கவில்லை, பேச்சு வழவழ என்றிருந்தது. அடுத்த பக்கத்திலிருந்து பெயர்கள். என் வேலை நோட்டிலிருந்து எடுத்தவை. எந்த வீட்டில் யார் போனது, யார் மிச்சம், யாருக்கு எந்த நேரம் போன் பண்ணினால் தொந்தரவு இல்லை, யாருக்கு சுகர். ஒவ்வொரு வேலை முடிந்து வந்ததும் அந்த வீடு எப்படி, யார் அழுதது என்று என்னைத் துளைப்பாள். வம்பு கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு சொல்வேன். எல்லாம் அதில் இருந்தது. ஏன் என்னிடம் மறைத்தாய் என்று கேட்டேன். சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா என்று கேட்டாள். விட்டிருக்கமாட்டேன்தான்.

மூடினதைத் திறக்க, நாம்தான் சொந்தக்காரர் என்று நிரூபிக்கவேண்டுமாம். வீடியோ எடுத்து அனுப்பவேண்டும். தெரு தெரியவேண்டும், போர்டு தெரியவேண்டும், நான் என் சாவியால் குடோனைத் திறந்து பெட்டியைக் காட்டவேண்டும். நேற்றுக் காலை எடுத்தோம். அவள் எடுத்தாள். கடைக்கு வந்து நின்றாள். பதினாலு வருஷத்தில் அவள் இந்தக் கடைக்குள் வந்தது நேற்றுத்தான் முதல் தடவை, ஆகாது என்று நான் விட்டதில்லை. குடோன் போட்டோவைக்கூட நான் தென்காசி போன நாளாகப் பார்த்து, ஆணியிலிருந்த சாவியால் கதவைத் திறந்து, வெளியே நின்றபடியே எடுத்தாளாம். கதவைத் திறந்தேன், பெட்டியைக் காட்டினேன். அப்படியே இன்னொன்றும் எடுத்துவிடலாம், மேப்பில் போட, ஆட்கள் பார்க்க என்றாள். ரெண்டு வார்த்தை பேசுங்க என்றாள்.

என்ன பேச? வாங்க என்று சொல்ல முடியாது. நல்வரவு சொல்ல முடியாது. எங்கள் சேவை என்று உங்களைப் போல ஆரம்பித்தேன், அவளே போனை இறக்கிவிட்டாள், அது வேண்டாம் என்றாள். வெயிலில் நின்றேன். ஆட்டோக்காரன் ஒருவன் நின்று வேடிக்கை பார்த்தான். ஒன்றும் வரவில்லை.

கடைசியில், "இருக்கோம்" என்றேன்.

போதும் என்று நிறுத்திவிட்டாள். கண்ணைத் துடைத்தாள். தூசி.

ஐந்து நாளில் பதில் வருமாம். திறந்தாலும் திறக்கும், திறக்காமலும் போகலாம். திறக்காவிட்டால் இந்தக் கடை ஆடி வரைக்கும் தாங்காது. அது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதனால்தானே நாலு நாள் முன்னால் வந்தீர்கள்?

இருங்கள். காகிதம் இதோ. ராத்திரி இல்லை, பகலில், நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து ஆவுடை முழுக்கப் படித்தாள். பதினாறு பக்கம். நான் கூலியைத்தான் பார்த்தேன், கூலி மோசமில்லை. போட்டுவிடலாமோ என்றுகூட இருந்தது, சொல்கிறேன். அவள் ஆறாம் பக்கத்தில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள், பாருங்கள். 'வாடிக்கையாளர் குடும்பத்தினருடன் முகவர் தனிப்பட்ட முறையில் எவ்விதத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது.' அவளுக்கு இது ஒத்துவரவில்லை. பெட்டியைக் கொடுத்தாலும் கொடுங்க, போர்டைக் கழட்டினாலும் கழட்டுங்க, ஆனா சொர்ணத்துக்கு யாரு போன் பண்ணுவா என்று கேட்கிறாள். உங்கள் சென்னைப் பெண் பண்ணுமா? மூன்றாம் நாளே நட்சத்திரம் கேட்கிற பெண்தானே அது?

வேண்டாம். அந்த வரியை எடுத்துவிடுகிறேன் என்று சொல்லாதீர்கள். இவ்வளவு சீக்கிரம் எடுக்க முடிகிற வரியை முதலில் ஏன் போட்டீர்கள் என்று நான் யோசிப்பேன். அப்புறம் மற்ற பதினைந்து பக்கத்தையும் யோசிப்பேன்.

பையில் வையுங்கள். கையெழுத்து இல்லை. போனையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கிளம்புங்கள், எனக்கும் பதினொன்றரைக்கு பஸ் இருக்கிறது. சாம்பவர்வடகரையில் ஒரு வீடு. பங்குனியில் பெட்டி போன வீடு. ஆவுடை சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறாள், புருஷனும் பெண்டாட்டியும் தனியாக இருக்கிறார்கள், மத்தியானத்துக்கு முன்னால் போங்கள் என்று. துக்கம் கேட்கவா என்று நீங்களும் ஆரம்பிக்காதீர்கள். விசாரணை. இத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள், அவர்கள் மட்டும் இதுவரை ஒரு வரி எழுதவில்லை. என்ன காரணம் என்று எனக்குத் தெரிந்தாகவேண்டும்.

போய் உட்கார்ந்தால் எப்படியும் இரண்டு மணி நேரம் ஆகும்.